ஓர் ஈக்கு நான் வைத்த பெயர்

என் மகள் பன்னிரண்டு நாள் உயிரோடு இருந்தாள். அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயர் தெரிந்தவர்கள் இரண்டே பேர், நானும் என் மனைவியும். பிற்பாடு அதை நான் ஓர் ஈக்கு வைத்தேன். கேள்விப்பட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் நெகிழ்ந்துபோனார்கள். என் மனைவி வீட்டைவிட்டுப் போனாள். நடந்ததை நடந்தபடி எழுதிவைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாகவே எனக்கு இருந்தது. பெயரை மட்டும் இங்கே எழுதமாட்டேன். ஒருமுறை எழுதியதே போதும்.

சின்னமனூரில் குடியிருக்கிறேன். பிறந்தது பக்கத்தில் மார்க்கையன்கோட்டை. பள்ளத்தாக்கில் உள்ள ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறேன். என் மனைவி கோம்பையில் பிறந்தவள், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எனக்குப் பாடம் நடத்துவது பிழைப்பு, பிடித்தது ஈக்கள். சோற்றில் வந்து உட்காருகிற ஈ இல்லை. மேகமலையில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே வெட்டாமல் விட்ட மழைக்காட்டுத் துண்டுகள் இருக்கின்றன. அங்கே ஓடைக் கரையில் ஈரம் காயாத இலைகளின்மேல் உட்கார்ந்து, இலையில் படரும் பூஞ்சணத்தை நக்கித் தின்று உயிர்வாழும் சிறு ஈக்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும். சட்டையில் உட்கார்ந்தால் எள் ஒட்டியிருக்கிறது என்று தட்டிவிடுவோம். அவற்றில் பாதிக்கும் மேல் இன்னும் பெயரில்லாதவை.

கல்யாணமான புதிதில் என் மனைவியின் அண்ணன், நான் மச்சான் என்று கூப்பிடுகிறவர், வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். "மாப்ள காலேஜுல ஈ ஓட்டுறாரு. அதுக்குச் சம்பளம் வேற குடுக்குறாக." என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன்.

ஈ பிடிக்கக் காட்டில் ஒரு வலை கட்டியிருந்தேன். வெள்ளைத் துணியில் சின்னக் கூடாரம் மாதிரி இருக்கும். பறந்துவந்து முட்டுகிற பூச்சி வெளிச்சத்தைப் பார்த்து மேலே ஏறும். உச்சியில் சாராயம் ஊற்றிய குப்பி. அதில் விழுந்து செத்துப்போகும். வனத்துறையில் அனுமதி வாங்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மலையேறிப் போய்க் குப்பியை மாற்றிவிட்டு வருவேன். எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிற ஓர் அம்மா, காற்றில் வலை சாய்ந்துவிட்டால் நிமிர்த்தி வைப்பார்.

ஆறு வருஷம் கழித்து என் மனைவி உண்டானாள். ஏழாம் மாதம் தொடங்கியதுமே ஒரு நாள் விடிகாலையில் பனிக்குடம் உடைந்துவிட்டது. தேனிக்குக் கொண்டுபோனோம். பிறந்தபோது குழந்தை ஒரு கிலோகூட இல்லை. குழாய்கள் பொருத்திக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். மஞ்சள்காமாலை இருந்ததால் நீல வெளிச்சம். கண் கூசாமலிருக்க இரண்டு கண்ணையும் துணியால் கட்டியிருந்தார்கள். தாய் மட்டும் மூன்று மணிநேரத்துக்கு ஒருமுறை பால் பீய்ச்சிக் கொடுக்க உள்ளே போகலாம். தகப்பன் சாயங்காலம் ஒரு தடவை, கதவுக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம். நான் பார்த்ததெல்லாம் ஒரு கால். என் சுண்டுவிரல் தண்டி இருக்கும். அது அப்பப்போது உதைத்துக்கொள்ளும்.

நாலாம் நாள் என் மனைவி உள்ளேயிருந்து வந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்துவந்து என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள். முகம் தெளிந்திருந்தது.

"பேர் சொல்லிட்டேன்," என்றாள்.

"யார்கிட்ட?"

"அவகிட்டத்தான். பொட்டியில ஓட்டை இருக்குல்ல, அதுவழியாக் கைய விடச் சொன்னாக. தலையத் தடவுனேன். அப்படியே குனிஞ்சு அவ பேரச் சொல்லிட்டேன்."

"என்ன பேரு?"

என் காதோடு காதாகச் சொன்னாள். அழகான பெயர். எங்கள் இரண்டு வீட்டிலும் யாருக்கும் இல்லாத பெயர்.

"ஒருத்தர்கிட்டயும் மூச்சு விட்டுறாதீக," என்றாள். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி, தொட்டில்ல போட்டு, எல்லாரும் சுத்தி நிக்கிறப்ப நான்தான் சொல்லுவேன்."

சரி என்றேன்.

ஒன்பதாம் நாள் காலையில், எடை கொஞ்சம் ஏறியிருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னார். அந்த ஒரு வார்த்தையில் எனக்கு உடம்பே இலகுவாகிவிட்டது. காட்டில் குப்பி மாற்றவேண்டிய நாள் தாண்டி ஒரு வாரமாகியிருந்தது. சாராயம் வற்றிப்போனால் பூச்சியெல்லாம் அழுகிவிடும். இது நான் அன்றைக்கு எனக்கே சொல்லிக்கொண்ட காரணம். உண்மை என்னவென்றால், எட்டு நாளாக அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்று, என்னால் அங்கே இன்னும் ஒரு நாள் இருக்க முடியவில்லை. அவளிடம் மலைக்குப் போகிறேன் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. "காலேஜுக்குப் போயி லீவு லெட்டர் குடுத்துட்டு வந்துர்றேன்," என்றேன். "சாப்பிட்டுட்டு நிதானமா வாங்க. இங்கன அம்மா இருக்காக," என்றாள்.

சின்னமனூர் வந்து, வண்டியை எடுத்துக்கொண்டு மலையேறினேன். வளைவுக்கு வளைவு காற்று குளிர்ந்துகொண்டே வந்தது. மேலே தூறல். ஓடைக்கரையில் வலை நனைந்து தொய்ந்து நின்றது. குப்பியில் கால்வாசிதான் மிச்சம். மாற்றிவிட்டு ஒரு பாறையில் உட்கார்ந்தேன். அரைமணிநேரம் எதையும் நினைக்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதிவிட வேண்டும். அன்றைக்கு நான் சந்தோஷமாக இருந்தேன்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது பொழுது சாய்ந்துவிட்டது. அவள் வராந்தாவிலேயே நின்றிருந்தாள்.

"நாலு தடவ போன் போட்டேன். லைனே போகல."

"சார்ஜ் இல்ல."

"ஏங்க, அவ கண்ணத் தொறந்தா! மத்தியானம் வெளக்க அமத்திட்டுத் துணிய எடுத்தாக. ரெண்டு கண்ணையும் தொறந்து என்னப் பாத்தா. நர்ஸம்மா உங்களயும் கூப்பிடச் சொன்னாக. அப்பாவையும் ஒரு தடவ உள்ள விடுறேன்னாக."

நாளைக்குப் பார்க்கிறேன் என்றேன். அவள் குனிந்து என் காலைப் பார்த்தாள். காலுறையில் ரத்தம் ஊறியிருந்தது. அட்டை கடித்தது எனக்கே தெரியவில்லை.

"என்ன இது?"

"வண்டியில கீறிருச்சு."

மறுநாள் விளக்கைத் திரும்பப் போட்டுவிட்டார்கள், கண்ணுக்குத் துணியும். பதினோராம் நாள் மூச்சு சரியாக இல்லை. பன்னிரண்டாம் நாள் பத்து மணிக்கு என்னை உள்ளே கூப்பிட்டார்கள். குழாய்களையெல்லாம் எடுத்து, துடைத்து, வெள்ளைத் துணியில் சுற்றி என் மனைவியின் மடியில் வைத்திருந்தார்கள். கண் மூடியிருந்தது.

அவள் நடக்கிற நிலையில் இல்லை. என் அண்ணனும் நானும் மட்டும் மார்க்கையன்கோட்டைக்கு எடுத்துவந்து, வாய்க்காலை ஒட்டிய இடத்தில் புதைத்தோம். குழி சின்னதாக இருந்தது. மண்வெட்டி பிடித்தவருக்குக் கால்மணிநேர வேலை. சடங்கு ஏதாவது உண்டா என்று அண்ணன் கேட்டதற்குப் பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், "பேர் வைக்காத புள்ளைக்கு என்னப்பா சடங்கு? மண்ணத் தள்ளிட்டுக் கெளம்புங்க," என்றார். நல்ல மனுஷர்தான். அவருக்குத் தெரிந்ததைச் சொன்னார். வைத்திருக்கிறோம் என்று சொல்ல எனக்கு நாக்கு வரை வந்தது. சொல்லக்கூடாது என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். மண்ணைத் தள்ளிவிட்டு வந்தோம்.

அதற்குப்பிறகு ஒரு வருஷம் எங்கள் வீட்டில் இரண்டு பேரும் மெதுவாகப் பேசிக்கொண்டோம். ஒருவருக்கொருவர் காபி போட்டுக் கொடுத்தோம். அவள் பள்ளிக்கூடம் போனாள், நான் கல்லூரிக்குப் போனேன். மகளைப் பற்றிப் பேச்சே எடுக்கமாட்டாள். ஆனால் சில நாள் காலையில் துணி காயப்போடும்போது, சுவரைப் பார்த்துக்கொண்டு, மிகச் சன்னமாக அந்தப் பெயரைச் சொல்வாள். கூப்பிடுகிற மாதிரி. நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறேன். கேட்டதாகக் காட்டிக்கொண்டதில்லை.

அன்றைக்கு மலையிலிருந்து எடுத்துவந்த குப்பி கல்லூரி அலமாரியில் கிடந்தது. ஒரு வருஷத்துக்கும் மேலாகி, ஒரு மழைநாளில் எடுத்துப் பிரித்தேன். கண்ணாடித் தட்டில் ஊற்றி, நுண்ணோக்கியின் கீழ் வைத்து, ஊசியால் ஒவ்வொன்றாக ஒதுக்கிக்கொண்டே வந்தேன். கொசு, வண்டு, எறும்பு, பல் தேய்ந்த சீப்பு மாதிரிச் சிறகுகள். அவற்றுக்கு நடுவே மூன்று ஈக்கள். மஞ்சள் உடம்பு. சிறகு நுனியில் கண்மை தொட்டு வைத்தாற்போல் ஒரு கறுப்புப் பொட்டு. இந்த வகை ஈக்களில் அப்படி ஒரு பொட்டை நான் பார்த்ததில்லை. குப்பிக்குள் போட்டிருந்த சீட்டை எடுத்துப் பார்த்தேன். பென்சிலில் என் கையெழுத்து. இடம், உயரம், தேதி. அந்த ஒன்பதாம் நாள்.

ரொம்ப நேரம் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

புதிய இனம் என்று சும்மா சொல்லிவிட முடியாது. வெளியில் தெரிகிற பொட்டும் நிறமும் சாட்சிக்கு ஆகாது. ஆண் ஈயின் வயிற்றை வெட்டியெடுத்து, காரக் கரைசலில் கொதிக்கவைத்து, சதையெல்லாம் கரைந்தபின் மிஞ்சுகிற பிறப்புறுப்பின் வடிவத்தைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். தூசி அளவுகூட இருக்காது. மூச்சை அடக்கிக்கொண்டு ஊசி பிடிக்க வேண்டும். மூன்றில் ஒன்றை அப்படி வெட்டினேன். படம் வரைந்தேன். பழைய நூல்களில் இருந்த ஒவ்வொரு சொந்தக்கார ஈயோடும் ஒப்பிட்டேன். வெளிநாட்டில் இதே ஈக்களை ஆராய்வதிலேயே வாழ்நாளைக் கழித்த மூத்த ஆராய்ச்சியாளர் ஒருவருக்குப் படங்களை அனுப்பினேன். நாலே நாளில் பதில் வந்தது. புதியதுதான், சந்தேகமே இல்லை, வாழ்த்துகள்.

ஐந்து மாதம் எழுதினேன். தலை, மார்பு, கால்களில் எத்தனை முள், எது நீளம், எது குட்டை. கண் நிறம் என்ற இடத்தில், உயிருள்ளபோது என்ன நிறம் என்று தெரியவில்லை என்று எழுதினேன். இந்த வகை ஈக்கள் பலவற்றுக்கு உயிரோடிருக்கும்போது கண்ணில் பச்சையும் சிவப்புமாகப் பட்டைகள் ஓடும். சாராயத்தில் விழுந்ததும் மங்கிவிடும்.

கடைசியில் பெயர். பெண்ணின் பெயரை வைத்தால் அதோடு இரண்டெழுத்துச் சேர்த்து லத்தீன் ஆக்க வேண்டும். காகிதத்தில் எழுதிப் பார்த்தேன். நன்றாக இருந்தது. வாய்க்கால் ஓரத்தில் அந்தப் பெரியவர் சொன்ன வார்த்தை என்னை அறுத்துக்கொண்டே இருந்தது. இனி யாரும் அப்படிச் சொல்ல முடியாது என்று தோன்றியது. பெயர்க் காரணம் என்ற இடத்தில், 'ஆசிரியரின் மகள், பன்னிரண்டு நாள் வாழ்ந்தவள், அவள் நினைவாக' என்று எழுதினேன்.

என் மனைவியிடம் கேட்கவில்லை. அச்சில் வந்தபிறகு கையில் கொடுத்தால் அழுவாள், அப்புறம் ஆறிவிடுவாள் என்று கற்பனை செய்துவைத்திருந்தேன். கேட்டால் வேண்டாம் என்பாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் கேட்கவில்லை.

கட்டுரை வந்தது. அவளிடம் கொடுக்க நல்ல நேரம் பார்த்துக்கொண்டே நாலைந்து நாள் போக்கினேன். அதற்குள் கல்லூரியில் யாரோ பத்திரிகைக்குச் செய்தி கொடுத்துவிட்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை காலை நாளிதழில் என் படம், ஈயின் படம். மேகமலையில் புதிய ஈ; இறந்த மகளின் பெயரைச் சூட்டிய பேராசிரியர். மகளின் பெயர் கொட்டை எழுத்தில்.

அன்றைக்கு மதியமே அவள் வீட்டுக்கு வந்துவிட்டாள். நான் முந்தியே வந்திருந்தேன். செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்து மேசைமுன் உட்கார்ந்தாள்.

"அந்தக் கட்டுரையக் குடுங்க."

கொடுத்தேன். பிள்ளைகளின் விடைத்தாளைத் திருத்துகிற மாதிரி ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். பாதியில் விரல் நின்றது.

"இது என்ன தேதி?"

"பூச்சி கெடச்ச தேதி."

"அன்னைக்கு நீங்க காலேஜுக்குத்தான போனீக?"

நான் எழுந்து மின்விசிறியைப் போட்டேன்.

"லீவு லெட்டர் குடுக்கப் போறேன்னீக."

"மலைக்குப் போனேன்."

"நாலு தடவ போன் போட்டேன். சார்ஜ் இல்லன்னீக."

"அங்கன சிக்னல் கெடைக்காது."

"கால்ல ரத்தம்?"

"அட்டை."

அவள் தலையை ஆட்டினாள். கணக்கில் விடை சரியாக வந்துவிட்டது போல. பிறகு, "அப்பா எங்கன்னு நர்ஸம்மா ரெண்டு தடவ கேட்டாக," என்றாள். "பாவம், லீவு சொல்லப் போயிருக்காகன்னு சொன்னேன்."

"நான் பண்ணது தப்புதான். ஆனா பேரு..."

"பேரப் பத்திப் பேசாதீக." குரல் உயரவே இல்லை. "ஒரு சட்ட இல்ல. ஒரு போட்டோ இல்ல. அந்தப் பேரு ஒண்ணுதான் என்கிட்ட இருந்துச்சு. அவ காதுலயும் உங்க காதுலயும் மட்டுந்தான் சொன்னேன். இன்னைக்கு ஸ்டாஃப் ரூம்ல பேப்பர விரிச்சுப்போட்டு, பேரு நல்லாருக்கே டீச்சர், எங்ககிட்டச் சொல்லவே இல்லையேன்னு கேக்குறாக. அட்டெண்டர் வாசிக்கிறாரு. ஆறாப்புப் புள்ளைக வாசிக்குதுக."

"அவளுக்குப் பேரு இருந்துச்சுன்னு எங்கயாச்சும் எழுதி இருக்கணும்னு நெனச்சேன்."

"வயித்தக் கீறி எடுத்துக் கொதிக்க வச்சேன்னு இங்கன எழுதியிருக்கீக. அடுத்த பக்கத்துல எம்புள்ள பேரு இருக்கு." தாள்களை அடுக்கி, ஓரம் சேர்த்து, என் பக்கம் தள்ளிவைத்தாள். "எப்படிங்க மனசு வந்துச்சு?"

மறுநாள் காலை அவள் அண்ணன் கார் கொண்டுவந்தார். இரண்டு பெட்டி. அடுப்படியைத் துடைத்துவிட்டுத்தான் போனாள்.

அந்தப் பெயரைத் திரும்ப எடுத்துவிட முடியுமா என்று இதழின் ஆசிரியருக்கு எழுதினேன். மரியாதையாகப் பதில் போட்டிருந்தார். ஒருமுறை முறைப்படி அச்சாகிவிட்ட பெயரை யாராலும் மாற்ற முடியாது, வைத்தவராலும் முடியாது. எழுத்துப் பிழை இருந்தால் சொல்லுங்கள். இந்த விதியை நான் வருஷா வருஷம் மாணவர்களுக்கு நடத்துகிறேன். இருந்தும் கேட்டுப் பார்த்தேன்.

கோம்பைக்குப் போனேன். முதல் தடவை அவள் அறையைவிட்டு வரவில்லை. அத்தை, அவள் அம்மா, இலை போட்டுச் சோறு வைத்தார். மச்சான்தான் என்னைத் தென்னந்தோப்புப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். என்னைக் கண்டால் கேலி பேசுகிற மனுஷர், அன்றைக்குத் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

"கோவமா, மச்சான்?" என்றேன்.

"கோவம் என்ன மாப்ள. பெத்த ஆத்தாகிட்டச் சொல்லல, கூடப்பொறந்த எனக்குச் சொல்லல. நாங்களே பேப்பரப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டோம். அம்மா அத வச்சுக்கிட்டு நாள் பூரா அழுதாக." கொஞ்சதூரம் போய் நின்றார். "அவ இப்ப அந்தப் பேரச் சொல்றதே இல்ல. முன்னாடி தனியா இருக்கும்போது வாய் அசையும். நாங்க பாத்துருக்கோம். இப்ப அதுவும் இல்ல. அதுதான் எனக்குப் பயமா இருக்கு."

அவள் கோம்பைப் பக்கமே ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாறிக்கொண்டாள். நான் மாதம் ஒருமுறை போய்வந்தேன். பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. வெளியே வந்து உட்கார்ந்து, மழையைப் பற்றியும் அத்தையின் மூட்டு வலியைப் பற்றியும் பேசுவாள். திரும்பி வா என்று சொல்ல எனக்கு வாய் வராது.

கிட்டத்தட்ட ஒரு வருஷம் கழித்து, பள்ளி விடுமுறையில், சொல்லாமல் கொள்ளாமல் கல்லூரிக்கு வந்து என் ஆய்வக வாசலில் நின்றாள்.

"அதக் காமிங்க," என்றாள்.

வெட்டிய ஈயும் அதன் சீட்டும் வடக்கே ஓர் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன. பெயருக்கு ஆதாரமான ஈயை அப்படி ஒப்படைக்க வேண்டும். மற்ற இரண்டும் முழுசாக என்னிடம் இருந்தன. ஒன்றை எடுத்துத் தட்டில் வைத்து, வெளிச்சம் சரிசெய்து, நாற்காலியைத் தள்ளிக் கொடுத்தேன். அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"பொம்பளையா?"

"ஆண். மூணுமே ஆண்தான். பொம்பளப் பூச்சி இன்னும் கெடைக்கல."

"கண்ணு இந்த நெறந்தானா?"

"இல்ல. இது செத்தப்புறம் ஆகுற நெறம். உசுரோட இருக்கும்போது எப்படின்னு தெரியாது."

அவள் நிமிர்ந்தாள். "உசுரோட நீங்க பாத்ததே இல்லையா?"

"இல்ல. குப்பியில விழுந்தப்புறந்தான்..."

என்னை அப்போது ஒரு பார்வை பார்த்தாள். கோபம் இல்லை அதில். இவனுக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை என்று முதல்தடவையாகத் தெரிந்துகொண்டவள் மாதிரிப் பார்த்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "அங்கன கூட்டிட்டுப் போங்க," என்றாள்.

அந்த வாரக் கடைசியில் காலைப் பேருந்தில் மேகமலை போனோம். வளைவுகளில் சாய்ந்தபோது அவள் என் தோளில் பட்டாள், விலகவில்லை. எஸ்டேட் அம்மா எங்களைப் பார்த்துவிட்டு ஓடிவந்தார். "டீச்சரம்மாவா? வாங்க வாங்க. அட்டைக்கு உப்புத் தடவிக்கங்க," என்று சொல்லி அவளைத் தன் வீட்டுக்குள் கூட்டிப்போய்க் காலுக்கு உப்பும் வேப்பெண்ணெயும் தடவி அனுப்பினார்.

ஓடைக்கரையில் இப்போது வலை கிடையாது. அவள் போனபின் நான் கழற்றிவிட்டேன். இரண்டு பேரும் பாறையில் உட்கார்ந்து பக்கத்துச் செடிகளின் இலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மதியம் வரை ஒன்றும் இல்லை. மேகம் இறங்கி, ஏறி, ஒரு தூறல் போட்டுவிட்டு வெயில் எட்டிப் பார்த்தது. அப்போது அவள் என் கையைத் தொட்டாள். தூறலில் நனைந்த அகலமான இலை ஒன்றின் மேல் ஒரு சின்ன மஞ்சள் ஈ. சிறகை விரித்து விரித்து மடக்கிக்கொண்டு வட்டமாக நடந்தது. நுனியில் கறுப்பாக ஏதோ. நான் பையிலிருந்து உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து அவளிடம் கொடுத்தேன். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிட்டே குனிந்தாள்.

"கண்ணு பச்சையா இருக்குங்க," என்றாள் மெல்ல. "நடுவுல செவப்பா ஒரு கோடு. ரெண்டு கோடு. இதுதானா?"

என் இன்னொரு கையில் மூடி திறந்த குப்பி இருந்தது. பழக்கத்தில் எப்போது எடுத்தேன் என்றே தெரியவில்லை. அப்படியே இலைமேல் கவிழ்த்தால் போதும்.

"தெரியல. இதே மாதிரிப் பொட்டு வச்சதுல வேற இனமும் இருக்கலாம். புடிச்சு, வெட்டிப் பாத்தாத்தான் சொல்ல முடியும்."

அவள் குப்பியைப் பார்த்தாள். "வேணாம். மூடுங்க."

மூடினேன். ஈ இன்னும் இரண்டு சுற்று நடந்தது. பிறகு இலை காலியாக இருந்தது. பறந்ததை நாங்கள் இருவருமே பார்க்கவில்லை. அவள் அழுதாள். ஆஸ்பத்திரியில்கூட அவள் அப்படி வாய்விட்டு அழுது நான் கண்டதில்லை. நானும் அழுதேன். "அன்னைக்கு இங்கனதான் உக்காந்திருந்தீகளா?" என்று ஒருமுறை கேட்டாள். ஆமாம் என்றேன். "என்ன நெனச்சுக்கிட்டு இருந்தீக?" ஒன்றும் நினைக்கவில்லை, குழந்தை பிழைத்துவிடும் என்று நிம்மதியாக இருந்தேன் என்றேன்.

சாயங்காலம் சின்னமனூரில் இறங்கினோம். வீடு அங்கிருந்து பத்து நிமிஷ நடை. அவள் அந்தத் திசையைப் பார்த்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றாள். உத்தமபாளையம் போகிற பேருந்து வந்தது. அங்கே இறங்கிக் கோம்பைக்கு மாற வேண்டும்.

"நான் போறேங்க," என்றாள். "நீங்க வேணும்னு பண்ணலன்னு தெரியுது. ஆனா அந்த வீட்டுக்கு வந்தா அந்த மேசையத்தான் பாக்கணும். இப்ப முடியாது. என்னக் கூப்பிடாதீக. தோணுச்சுன்னா நானே வருவேன்."

"தோணலன்னா?"

"தோணலன்னா என்ன வையாதீக."

படியில் ஏறி, திரும்பி, "மோர் ஊத்தியாச்சும் ரெண்டு வாய் சாப்பிடுங்க. எளச்சுப்போயிட்டீக," என்றாள். பேருந்து நகர்ந்தது.

மேசையை அடுத்த நாளே அண்ணன் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டேன். ஈக்களுக்குப் பெயர் வைப்பதை விடவில்லை. இப்போதெல்லாம் ஊரின் பெயரை வைக்கிறேன், ஓடையின் பெயரை வைக்கிறேன். பண்டிகைக்கு அவள் போன் செய்வாள். மழை உண்டா என்று கேட்பாள், உண்டு என்பேன். ஒரு வருஷம் தாண்டிவிட்டது. நான் கூப்பிடவில்லை. அவள் வரவில்லை.